ஆய்வு மாணவரின் முறையீடும் நாம் சொல்லும் பொறுமையும்



பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டுவதே பெரிதென்றிருந்த நம் வீடுகளிலிருந்து இன்று ஆணும் பெண்ணும் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்கின்றனர். அல்ஹம்து லில்லாஹ். ஆனால் அந்த ஆய்வின் நடுவே ஓர் அநீதி நேர்ந்தால் எங்கே போய், எதை, எப்படிச் சொல்வது என்று அவர்களுக்கு வழிகாட்ட நம் வீடுகளில் ஆளில்லை. நமக்குத் தெரிந்த ஒரே மருந்து, ‘ஸபர் செய்’ என்பதுதான். அந்த மருந்தை நானும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தேன். அதனால் நேர்ந்த இழப்பே இதை எழுதத் தூண்டியது.

என் சகோதரியின் மகள், எங்கள் குடும்பத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த முதல் ஆள். மூன்றாம் ஆண்டில் அவள் எழுதிக் கொடுத்த இரண்டு இயல்கள் எட்டு மாதங்களாக நெறியாளரின் மேசையில் படிக்கப்படாமலே கிடந்தன. உதவித்தொகைக்காக மாதந்தோறும் பெறவேண்டிய கையொப்பமும் பல மாதங்கள் கிடைக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் ‘அடுத்த வாரம்’ என்பதே பதில். ஒருநாள் துறையில் பலர் முன்னிலையில், கல்யாணமாகிப் போகப்போகிற பெண்ணுக்கு இத்தனை அவசரம் எதற்கு என்ற சொல்லும் வந்து விழுந்தது. வீட்டுக்கு வந்து அழுதாள். உம்மா துஆச் செய்யச் சொன்னார். வாப்பா, படித்துக் கொடுப்பவரைப் பகைத்துக்கொள்ளாதே என்றார். என்னிடமும் கேட்டாள். “ஸபர் செய்ம்மா, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்றேன்.

கடைசியில் அவளே துணிந்து நிறுவனத்தின் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதினாள். குறை நிறுவப்படவில்லை, துறையளவில் பேசித் தீர்த்துக்கொள்க என்ற பதில் ரமலானின் கடைசிப் பத்தில் வந்து சேர்ந்தது. “பெருநாள் கழியட்டும், பிறகு பார்ப்போம்” என்று சொன்னவனும் நான்தான். பெருநாள் கழிந்தது, விருந்துகள் கழிந்தன. அவள் மேல்முறையீட்டை எழுதி அனுப்பியபோது 23 நாள்கள் ஓடியிருந்தன. அதற்குரிய காலவரம்போ 15 நாள். காலம் கடந்தது என்ற ஒற்றை வரியோடு அது திரும்பி வந்தது.

“மாமா, என் பக்கம் நியாயம் இருக்கா இல்லையான்னு யாரும் பார்க்கவே இல்லையே” என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதிலில்லை. அவளுடைய முறையீட்டின் வாசலை அடைத்தது பல்கலைக்கழகம் மட்டுமல்ல. பொறுமை என்ற பெயரில் நான் சொன்ன தாமதமும்தான்.

பொறுமை என்பது கைகட்டி இருப்பதா?

முறையிடுவது பொறுமைக்கு எதிரானது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. யஅகூப் நபி (அலை) அவர்கள் தம் துயரத்தை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிட்டார்களே என்று சான்றும் காட்டுவோம். உண்மைதான், ஸூரத்து யூஸுஃபின் 86-ஆம் வசனம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அத்துடன் ஓதுவதை நிறுத்திவிடலாகாது. அடுத்த வசனத்திலேயே அவர்கள் தம் மக்களை அழைத்து, யூஸுஃபையும் அவருடைய சகோதரரையும் தேடிச் செல்லுமாறும், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்கவேண்டாமென்றும் பணிக்கிறார்கள். அல்லாஹ்விடம் முறையிட்டவர்கள் தேடலையும் உடனே தொடங்கி வைத்தார்கள். அழகிய பொறுமை என்று நாம் புகழ்வதன் மறுபாதி அது.

இன்னொரு சான்றும் உண்டு. குர்ஆனின் 58-ஆம் அத்தியாயத்துக்கு ‘அல்முஜாதலா’, அதாவது வாதாடியவள், என்று பெயர். தம்மைத் தாய்க்கு ஒப்பிட்டு ஒதுக்கிவைத்த கணவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டு வாதாடியவர் கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) என்னும் பெண்மணி. அவருடைய சொல்லை அல்லாஹ் செவியுற்றதாக அறிவித்தே அந்த அத்தியாயம் தொடங்குகிறது. அந்தப் பழைய அநீதிக்கு மாற்றாகச் சட்டமும் இறங்குகிறது. அவரிடம் அடங்கி இருக்கச் சொல்லி அந்த வசனங்கள் பேசவில்லை. ஓர் அத்தியாயமே ஒரு பெண்ணின் முறையீட்டால் பெயர் பெற்றிருக்க, நம் வீட்டுப் பெண்ணின் முறையீட்டை நாம் நாணத்துக்குரியதாக நினைப்பது எப்படிச் சரியாகும்?

ஆசிரியருக்கு எதிராகவா?

அடுத்த தயக்கம் ஆசிரியர் மரியாதை. கற்றுத் தருபவருக்கு முன் குரலை உயர்த்தாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நம்முடையவர்கள். அந்த வளர்ப்பு நல்லது. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் மரியாதை வேறு, அநீதியை மூடிமறைப்பது வேறு. மாணவர் எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்வது நெறியாளரின் தனிப்பட்ட தயவு அன்று. அவர் ஏற்றுக்கொண்ட அமானத். அந்த அமானத் நிறைவேறவில்லை என்று பணிவோடு எடுத்துச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

‘புறம் பேசிய பாவம் வருமே’ என்று அஞ்சும் பிள்ளைகளையும் நான் கண்டிருக்கிறேன். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேச மார்க்கம் அனுமதிக்கும் ஆறு சூழ்நிலைகளை எண்ணிக் கூறுகிறார்கள். அவற்றுள் முதலாவது, அநீதிக்குள்ளானவர் நீதி வழங்க ஆற்றலுள்ளவரிடம் முறையிடுவது. அந்த அனுமதியின் எல்லையையும் கவனிக்கவேண்டும். நீதி வழங்க ஆற்றலுள்ளவரிடம்தான் அனுமதி. விடுதி அறையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் நெறியாளரைத் திட்டித் தீர்ப்பது அதில் அடங்காது. நம் பிள்ளைகளில் பலர் செய்வது நேர்மாறானது: தோழிகளிடம் நூறு முறை சொல்கிறார்கள், தீர்க்கவேண்டியவரிடம் ஒரு முறைகூட எழுதுவதில்லை.

அதேபோல, முறையிடுபவர் முதலில் தம்மையே கணக்குப் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒப்புக்கொண்ட நாளில் இயலைக் கொடுத்தேனா, சொன்ன திருத்தங்களைச் செய்தேனா, சந்திப்புக்கு நேரத்துக்குப் போனேனா? தமக்கே எதிரானாலும் நீதியில் நிலைத்திருக்குமாறு ஸூரத்துந் நிஸாவின் 135-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. தம் பக்கத்துக் குறையை மறைத்து எழுதிய முறையீடு, அல்லாஹ்விடம் கேள்விக்குரியது. குழுவின் முன்னும் நிற்காது. பொய்யான, வீணான முறையீடு செய்தவர்மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைக்கவும் விதிகளில் இடமுண்டு.

நாம் அறிந்திருக்கவேண்டிய வாசல்கள்

முதலில் ஒரு வேறுபாடு. குறை என்பது நடத்தப்பட்ட விதத்தைப் பற்றியது: இயல் படிக்கப்படவில்லை, உதவித்தொகை தாமதமாகிறது, சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பன போன்றவை. மேல்முறையீடு என்பது எடுக்கப்பட்ட ஒரு முடிவை மீண்டும் பார்க்கக் கோருவது. இரண்டையும் கலந்து ஒரே கடிதத்தில் கொட்டினால் இரண்டுமே வலுவிழக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழுவாகிய யு.ஜி.சி. 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிகளின்படி ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு இருக்கவேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வாளர் அதன் முன் தம் முன்னேற்றத்தை எடுத்துரைக்கவேண்டும். முன்னேற்றம் போதாது என்று குழு கருதினால் காரணங்களைப் பதிவு செய்து திருத்த வழிகளையும் சொல்லவேண்டும். பதிவை ரத்து செய்யப் பரிந்துரைப்பதானாலும் குறிப்பான காரணங்கள் வேண்டும். நம் பிள்ளைகள் இந்தக் கூட்டத்தை ஒரு சடங்காகக் கருதி, எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். ‘இன்ன தேதியில் இந்த இயலைக் கொடுத்தேன், கருத்துக்குக் காத்திருக்கிறேன்’ என்ற ஒரு வரியை முன்னேற்ற அறிக்கையில் பணிவாக எழுதி வைத்தால் போதும். அது யாரையும் குற்றம் சாட்டாது. ஆனால் நாளை ஒரு கேள்வி எழும்போது அந்த வரியே சாட்சியாக நிற்கும்.

அதே விதிகள் சொல்லும் வேறு சில உரிமைகளையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். ஆய்வுக்கான காலம் குறைந்தது மூன்று ஆண்டு, கூடியது ஆறு ஆண்டு. மறுபதிவின் மூலம் மேலும் இரண்டு ஆண்டு பெறலாம். பெண் ஆய்வாளர்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு உண்டு. மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள்கள்வரை பெறலாம். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ பெண் ஆய்வாளர் வேறூருக்குப் போக நேர்ந்தால், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆய்வுத் தரவுகளை அங்குள்ள நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. நிக்காஹ் முடிந்தால் ஆய்வும் முடிந்தது என்று நாமாகவே முடிவுகட்ட வேண்டியதில்லை. ஆய்வேடு கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வாய்மொழித் தேர்வு முடிவு உள்பட மதிப்பீடு முழுவதையும் நிறுவனம் முடிக்கவேண்டும் என்பதும் விதியே.

துறையளவில் தீரவில்லையென்றால் அடுத்த வாசல், 2023 ஏப்ரலில் யு.ஜி.சி. வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு விதிகள். இவற்றின்படி நிறுவனங்களில் மாணவர் குறைதீர்ப்புக் குழு அமைக்கப்படவேண்டும். பேராசிரியர் ஒருவர் தலைவர். பேராசிரியர்கள் அல்லது மூத்த ஆசிரியர்கள் நால்வர் உறுப்பினர்கள். மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளர். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருக்கவேண்டும். உதவித்தொகைத் தாமதம், சான்றிதழைத் திருப்பித் தர மறுத்தல், நியாயமற்ற மதிப்பீடு, சிறுபான்மையினர் உள்ளிட்டோரிடம் பாகுபாடு ஆகியவையெல்லாம் குறை என்ற சொல்லுக்குள் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டுள்ளன. குறை கிடைத்த 15 வேலைநாள்களுக்குள் குழு தன் பரிந்துரையை அளிப்பதே விரும்பத்தக்கது என்றும், அதன் படி மாணவருக்கும் தரப்படவேண்டும் என்றும் விதி சொல்கிறது.

குழுவின் முடிவு நிறைவளிக்கவில்லையென்றால் ஆம்பட்ஸ்பர்சன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தரோ, அனுபவமிக்க ஓய்வுபெற்ற பேராசிரியரோ, முன்னாள் மாவட்ட நீதிபதியோ அப்பதவியில் இருப்பார். முடிவு கைக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாளுக்குள் மேல்முறையீடு அவரிடம் போய்ச் சேரவேண்டும். என் மருமகள் தவறவிட்டது இந்த வாசலைத்தான். அவர் 30 நாளுக்குள் தீர்க்க எல்லா முயற்சியும் எடுக்கவேண்டும் என்பது விதி. மாணவர் நேரில் சென்று பேசலாம். தம் சார்பில் ஒருவரை அனுப்பவும் செய்யலாம். கீழுள்ள வாசலைத் தட்டாமல் நேராக இவரிடம் போகமுடியாது. விடைத்தாளை மறுபடி மதிப்பிடவேண்டும் என்று மட்டும் கேட்டாலும் அவர் ஏற்கமாட்டார். முடிவையே பாதித்த ஒரு முறைகேட்டையோ, பாகுபாட்டையோ குறிப்பாகச் சுட்டவேண்டும்.

பாலியல் துன்புறுத்தல் என்றால் பாதை வேறு. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம்வரை நீட்டிக்கலாம். இதில் மட்டும் எந்த வீட்டிலும் ‘குடும்ப மானம்’ என்ற பேச்சு எழக்கூடாது. மானம் கெடுவது செய்தவனுக்கே.

இத்தனைக்கும் பிறகு உயர்நீதிமன்றம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவின்கீழ் ரிட் மனு போடலாம். ஆனால் அங்கும் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, கீழுள்ள வழிகளையெல்லாம் பயன்படுத்தினீர்களா என்பதுதான்.

எழுதும் முறை

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் வசனமே குர்ஆனில் மிக நீண்ட வசனம். நம்பிக்கைக்குரியவர்களுக்கிடையிலும் எழுத்து வேண்டும் என்று கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. ஆனால் நம் பிள்ளைகளின் ஆய்வு வாழ்க்கை முழுவதும் வாய்ப்பேச்சிலேயே நடக்கிறது. நெறியாளரைச் சந்தித்து வந்த அன்றே, ‘இன்று நீங்கள் சொன்னவை இவை, நான் செய்யவேண்டியவை இவை’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பும் வழக்கம் முதல் ஆண்டிலேயே வரவேண்டும். பிணக்கு வந்தபின் ஆதாரம் தேடினால் கிடைக்காது.

முறையீட்டுக் கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்டவேண்டாம். என்ன நடந்தது என்பதைத் தேதி வரிசையில் எழுதுக. ஒவ்வொரு தேதிக்கும் உரிய மின்னஞ்சலையோ கடிதத்தையோ எண்ணிட்டு இணைக்க. எந்த விதி மீறப்பட்டது என்று சுட்டுக. என்ன தீர்வு வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேட்க: நெறியாளர் மாற்றமா, நிலுவை உதவித்தொகையா, இழந்த மாதங்களுக்கு ஈடாகக் கால நீட்டிப்பா? ‘எனக்கு நீதி வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் எதைக் கொடுப்பது என்று படிப்பவருக்குத் தெரியாது. மனவேதனையை மறைக்கவேண்டியதில்லை, ஆனால் அது ஒரு பத்திக்குள் அடங்கட்டும். நெறியாளரின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அவர் செய்ததையும் செய்யாததையும் மட்டும் எழுதுக. கொடுத்ததற்கு ஒப்புகை பெறுக. அரசுப் பல்கலைக்கழகமானால், கடிதத்தின் நிலையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம்; 30 நாளில் பதில் தரவேண்டும்.

ஒரு நியாயமான மறுப்பு

இதையெல்லாம் படித்துவிட்டு ஓர் ஆய்வு மாணவர் என்னிடம் சொல்லக்கூடியது எனக்குத் தெரியும்: ‘விதி உங்கள் கையில் இருக்கிறது, என் ஆய்வேடு அவர் கையில் இருக்கிறது.’ உண்மை. சிறிய துறைகளில் எல்லோரும் எல்லோருக்கும் நண்பர்கள். நெறியாளரின் கையொப்பமின்றி ஓர் அடி நகரமுடியாது. நாளை வேலைக்குப் பரிந்துரைக் கடிதமும் அவரே தரவேண்டும். இந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

அதனால்தான் படிப்படியாகப் போகச் சொல்கிறேன். முதலில் நேரில் பணிவான பேச்சு. அடுத்து, பேசியதை உறுதிப்படுத்தும் மின்னஞ்சல். பிறகு ஆலோசனைக் குழுவில் பதிவு. அதன் பின்னரே துறைத்தலைவருக்குக் கடிதமும் குறைதீர்ப்புக் குழுவும். பெரும்பாலான பிணக்குகள் முதல் மூன்று படிகளிலேயே தீரக்கூடியவை. நாம் செய்யும் தவறு, முதல் மூன்றையும் மௌனத்தில் கழித்துவிட்டு, பொறுக்கமுடியாத ஒருநாளில் நேராகக் கடைசிப் படியில் ஏறுவது. அல்லது ஏறாமலே படிப்பை விட்டுவிட்டு வருவது. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022–23 முதல் நிறுத்தப்படுவதாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்துவிட்ட நிலையில், நம் பிள்ளைகள் வீணாக்கும் ஒவ்வொரு மாதமும் வீட்டுப் பணத்தில்தான் கழிகிறது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

குடும்பமும் ஜமாஅத்தும் செய்யவேண்டியது

பெற்றோருக்கு மூன்று வேண்டுகோள். பிள்ளை அழுதுகொண்டு வந்தால், ‘ஸபர்’ என்று சொல்லும் முன் ‘கடைசித் தேதி எது’ என்று கேளுங்கள். அரசியல்வாதியின் சிபாரிசைத் தேடி ஓடாதீர்கள். அது பிள்ளையின் நியாயமான வழக்கையும் சந்தேகத்துக்குரியதாக்கிவிடும். ‘போதும், வந்துவிடு, மாப்பிள்ளை பார்க்கிறோம்’ என்ற சொல்லை அந்த நேரத்தில் உச்சரிக்காதீர்கள். துறையில் அவள் கேட்ட அதே சொல்லை வீட்டிலும் கேட்டால், அவள் வேறு எங்கே போவாள்?

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். நபித்துவத்துக்கு முன், மக்காவில் சரக்கு விற்று விலை கிடைக்காமல் ஏமாற்றப்பட்ட யமன் நாட்டு வணிகர் ஒருவர் பொதுவெளியில் நின்று முறையிட்டார். அவருக்கு அங்கே குலமும் இல்லை, ஆதரவும் இல்லை. அந்தக் குரலைக் கேட்டு அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடியவர்கள், அநீதிக்குள்ளானவர் பக்கம் நிற்பதாக உடன்படிக்கை செய்தனர். ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ எனப்படும் அதில் பங்கேற்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள், பின்னாளிலும் அதை உயர்வாகவே நினைவுகூர்ந்தார்கள். நம் ஊர்களில் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் மதரஸா அறையில் இருவர் உட்கார்ந்தால், ஆய்வு மாணவரின் கடிதத்தைப் படித்துத் திருத்தித் தரலாம், காலவரம்பை நினைவூட்டலாம். இதற்கு நிதி வேண்டியதில்லை, மனம் போதும். எந்தச் சமுதாயத்துப் பிள்ளை வந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்கட்டும்.

என் மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை. மேல்முறையீட்டு வாசல் அடைபட்டபின், அடுத்த பருவத்தின் ஆலோசனைக் குழுவில் அவள் எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதிக் கொடுத்தாள்; நெறியாளர் மாற்றம் கேட்டாள். குழு ஏற்றுக்கொண்டது. ஒன்றரை ஆண்டு பின்தங்கி ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். அந்த ஒன்றரை ஆண்டில் ஒரு பகுதி என் கணக்கில் இருக்கிறது. ஸபர் செய் என்று நான் சொன்னது பிழையன்று. அதோடு, ‘வா, உட்கார்ந்து எழுதுவோம்’ என்று சொல்லாமல் விட்டதே பிழை.

அநீதிக்குள்ளானவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையோடு துஆச் செய்வோம். எழுதவேண்டியதைக் காலத்தில் எழுதியும் அனுப்புவோம். நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.